ஓக்கென்டனின் கடைவாய்ப்பல்

மே 4, ஞாயிறு
தேநீர் போடப் பத்து நிமிடம் உள்ளே போனேன். தட்டோடு திரும்பி வந்தால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். எங்கள் யூத ஜெப ஆலயத்துக்கு நான் தலைவியாம்! அறையில் இல்லாத ஒரே ஆள் நான்தான் என்பதால் ஏகமனதாம்.

"பல் டாக்டர்தானே, எங்க வாயையெல்லாம் மூட வெக்க உனக்குத்தான் தெரியும்" என்றாள் ஆலயச் சமையலைக் கவனிக்கும் பெல்லா. பிழைத்தேன் போ. மூட வைப்பதா? இருபத்தாறு வருடமாகத் திற, திற என்றுதானே கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

மே 7, புதன்
தெரு விழாக் குழுவிடமிருந்து கடிதம். பதினோரு வருடமாக அங்கே உருளைக்கிழங்கு அடைக் கடை போடுகிறோம். இந்த வருடம் "எல்லோருடைய பாதுகாப்பையும் கருதி" யூதர்களின் கடை வேண்டாமாம். யாராவது மிரட்டினார்களா? இல்லை. எங்களைப் பார்த்தால் யாருக்காவது கோபம் வரக்கூடுமாம்.

கையெழுத்து: ஜெரால்டு ஓக்கென்டன், தலைவர். என் நோயாளி. மேல்வரிசை, இடப்பக்கக் கடைவாய்ப்பல்.

மே 8, வியாழன்
அவசரக் கூட்டம். ஒன்பது பேர், பதினான்கு கருத்து.

மேக்ஸ் சில்வர்மான்தான் முதலில் பேசினார். எண்பத்தொரு வயது, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "ஒரு வருஷம் பேசாம இருந்துடுவோம். வம்பு எதுக்கு?"

"அடுத்த வருஷம்?" என்றாள் பெல்லா.

"அப்பவும் பேசாம இருப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. மேக்ஸ் எழுந்துபோய், வாசல் கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். பிறகு நாற்பது நிமிடம், அடைக்குத் தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழா தயிரா என்று சண்டை. முடிவு எதுவும் இல்லை. இரண்டிலும்தான்.

மே 11, ஞாயிறு
நேற்று ஓய்வுநாள் வழிபாட்டில் எங்கள் மதகுரு ரபி டோர்ஃப்மன் என்னைப் பேசச் சொன்னார். பேசினேன். "நம்மை இழிவாகப் பேசும்போது வாய்மூடி நிற்கக் கூடாது. தலைமை என்பது அதுதான்" என்று முழங்கினேன். எனக்கே புல்லரித்தது. ரபி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பேச்சு ஜோர்" என்றாள் பெல்லா. "சாப்பாடுதான் ஆறிப்போச்சு."

மே 13, செவ்வாய்
வெட்கக்கேடு.

ஓக்கென்டன் வந்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டே, "கடிதத்தத் தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர். உங்க ஆளுங்க எதையும் ஊதிப் பெருசாக்குவாங்க. பத்திரிகையெல்லாம் உங்க கையிலதானே இருக்கு" என்றார்.

நான் என்ன சொன்னேன்? "வாய் கொப்பளிங்க."

அவ்வளவுதான்! பல்லை அச்சு எடுத்து, அடுத்த வாரம் உறை மாட்ட நேரம் குறித்து, வாசல்வரை போய் வழியனுப்பினேன். கதவைக்கூடத் திறந்துவிட்டேன். சீ!

லேயோனிடம் சொன்னேன். கட்டிய கணவன் என்ன செய்ய வேண்டும்? ஆறுதல் சொல்ல வேண்டும். "சனிக்கிழம சிங்கம், செவ்வாக்கிழம பூனையா?" என்று கேட்டுவிட்டுச் சூப்பைக் குடிக்கிறார்.

மே 18, ஞாயிறு
ஒத்திகை. லேயோன் சோபாவில் படுத்து ஓக்கென்டனாக நடித்தார். என் வாதத்தின் உச்சகட்டத்தில் குறட்டை. ஓக்கென்டனாவது விழித்திருப்பார்.

மே 20, செவ்வாய்
இரவு மணி பதினொன்று. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஊசி போட்டாயிற்று. வாய் நிறையப் பஞ்சு. அவரால் பதில் பேச முடியாது. பேசேன் இப்போது என்றது மனசு. குறுக்கே யாரும் பேசாமல் பத்து நிமிடம் — எங்கள் கூட்டத்தில் இந்த ஜென்மத்தில் கிடைக்காத வாய்ப்பு! ஆனால் வாயடைத்துக் கிடப்பவனிடம் வாதாடுவது என்ன வீரம்? உறையை ஒழுங்காக மாட்டினேன். பஞ்சை எடுத்தேன். முகமூடியைக் கழற்றினேன். நாற்காலியை நிமிர்த்தினேன்.

"போன வாரம் நீங்க சொன்னது தப்பு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

உதடு மரத்திருந்ததால் அவருக்குச் சொல் குழறியது. "எனக்கா? யூதங்க மேல வெதுப்பா? என் பல் தாக்தரே யூதப் பொம்பளதான்!"

"அது நான்தான், மிஸ்டர் ஓக்கென்டன்."

யோசித்தார். "ஆமால்ல" என்றார்.

"பத்திரிகை எங்க கையிலயா? எங்க ஆலயத்துக்கு நாலு பக்கத்துல ஒரு இதழ் உண்டு. அட்டையில என்ன படம் போடறதுன்னு சண்ட, மூணு மாசமா வரல. இன்னொண்ணும் கேக்கறேன். விழாவுக்குப் பிக்பாக்கெட்காரன் வருவான்னு பயந்தா, பை வச்சிருக்கறவங்கள வராதேம்பீங்களா? எங்கள அடிக்க ஒருத்தன் வருவான்னா, அவனத் தடுங்க. எங்கள ஏன் தடுக்கறீங்க?"

முகம் சிவந்து எழுந்தார். "நான் வேத தாக்தரப் பாத்துக்கதேன்!" விறுவிறுவென்று போய்விட்டார், நான் கழுத்தில் கட்டிவிட்ட நீலக் காகிதத் துண்டோடு. லீட்ஸ் நகரத்துப் பேருந்தில் அப்படியே ஏறிப் போனதை ஜன்னல் வழியே பார்த்தேன்.

விழாக் குழுவின் மற்றப் பத்துப் பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி, நானே கொண்டுபோய்ப் போட்டேன். கால் வலி.

மே 22, வியாழன்
விழாக் குழுவின் கூட்டம். நானும் ரபியும் போனோம். ரபிக்குப் பதற்றத்தில் விக்கல். அதனால் நானே பேசினேன், நான்கு நிமிடம். எனக்குப் பின்னால் சுக்விந்தர் கௌர் எழுந்தார். சீக்கியர்களின் குருத்வாரா சார்பில் வருடாவருடம் இலவசச் சாப்பாடு போடுகிறவர். "இவங்க கடை இல்லன்னா எங்க அடுப்பும் எரியாது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

கடை வேண்டும் என்று ஏழு பேர். வேண்டாம் என்று நான்கு. ஓக்கென்டன் அந்த நால்வரில் ஒருவர். என்னைப் பார்க்கவே இல்லை.

வெளியே வந்ததும் அழுதேன். ரபியின் விக்கல் நின்றது.

மே 25, ஞாயிறு
விழா. மழை. பெல்லா அடை சுட்டாள். வரமாட்டேன் என்று சொல்லியிருந்த மேக்ஸ் காலை எட்டு மணிக்கே வந்து கடை வாசலில் நின்றுகொண்டார்.

பதினொரு மணி இருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க, பீப்பாய் போன்ற ஓர் ஆள் போகிறபோக்கில் எங்களைப் பார்த்து அசிங்கமாக ஒன்று சொன்னான்.  நான் வாயைத் திறப்பதற்குள் மேக்ஸ் காதருகே கையைக் குவித்துக்கொண்டு, "என்ன சொன்னீங்க சார்? வயசாச்சு, சரியா விழல. கிட்ட வந்து சத்தமாச் சொல்லுங்க" என்றார். மேக்ஸுக்குக் காது துல்லியமாகக் கேட்கும்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆள் கிட்ட வந்தான். மேக்ஸைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான்.

"ரெண்டு அடை" என்றான்.

வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனான். மேக்ஸ் உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி வாசலுக்குப் போய் நின்றார்.

"பொட்டலத்துல மூணு இருந்த மாதிரி இருந்துச்சே?" என்று பெல்லாவைக் கேட்டேன்.

"ஒண்ணு இனாமா வச்சேன்" என்றாள். "கருகிப்போனது."