நான் மாட்டிய கம்பி

எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்நுனியில் கம்பியின் வாசம் போகவில்லை, அண்ணா. நேற்று உன் நினைவுக் கூட்டத்தில் உன் மாண்டலினை நான் வாசித்தேன். நீ இருந்தவரை எனக்குக் கிடைக்காத மேடை. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

போன வாரம் அண்ணி அதைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்து வந்தார். உன் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டுமாம். "பாதிக் கம்பி இல்லாம பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. கடையில கொடுத்து எட்டும் போட்டுட்டேன். நீ தொடைச்சு மட்டும் வச்சிரு" என்றார். அத்தனை வருடம் உன்னோடு குடும்பம் நடத்தியவர், இல்லாத அந்த நான்கு கம்பிகளும் அறுந்துபோனவை என்றே நினைத்திருக்கிறார். அவரிடம்கூட நீ சொல்லவில்லை. அவர் போனபின் ஒரு ஜோடியை அழுத்திப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தேன். தடித்த கம்பி, அசையவில்லை. பலமாக இழுத்தால் இரண்டும் பாகப்பிரிவினையில் நிற்கும் பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு சுதி பேசின.

அப்போது நாம் ஜூ டவுன் சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் குடியிருந்தோம். துவைத்துப் போட்ட துணியெல்லாம் சுக்கு மணக்கும். உனக்குப் பகலில் முனிசிபாலிட்டி வேலை, சாயங்காலம் மலையாளப் பாட்டுக்காரர் இக்காவின் குழுவோடு கல்யாண வீட்டுப் பாட்டு. இக்கா ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடுவார். ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். "மோனே, என் பாட்டு வழுக்கிக்கொண்டு போகுது, நின்டே மாண்டலின் அம்மி கொத்துது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம். இனி இதைத் தொடமாட்டேன் என்று அலமாரி மேல் போட்டாய்.

நீ தொடவில்லை, நான் தொட்டேன். ஒரு ஜோடியில் ஒன்று அறுந்து கிடந்தது. மிச்சமிருந்த ஒற்றைக் கம்பியைச் சும்மா தள்ளிப் பார்த்தேன். சுரம் அப்படியே குரல் மாதிரி ஏறி இறங்கியது. உடனே மற்ற ஜோடிகளிலும் ஒவ்வொன்றைக் கழற்றிவிட்டேன். ஆனால் அந்தத் தடிமனுக்கு விரல் பிளந்தது. அம்மாவோடு ரவிக்கைத் துணி வாங்க பிராட்வே கடைத்தெருவுக்குப் போனபோது மெல்லிய கம்பி கேட்டேன். கிதார் கம்பிதான் இருந்தது. அதன் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு இருக்கும், மாண்டலின் கொக்கியில் மாட்டாது. வீட்டுக் குறடால் குண்டை நசுக்கி எடுத்தேன். நுனி வளையமாக நின்றது, மாட்டிக்கொண்டது. முதலில் வாங்கியது ரொம்ப மெல்லிசு. இழுத்தால் கொசு கத்தியது. எந்தக் கம்பிக்கு எந்தத் தடிமன் போட்டால் விரலுக்கும் இணங்கி, சத்தமும் மெலியாது என்று பிடிபடுவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது.

உனக்கு வாசித்துக் காட்டிய அன்று வீட்டில் அம்மாகூட இல்லை. நீ எதிரில் உட்கார்ந்து என் விரலையே பார்த்தாய். "இன்னொரு வாட்டி இழு. கீழ் சுரத்தைத் தொட்டுட்டு அப்புறம் ஏத்துறியா?" என்றாய். சீக்கிரமே பிடித்துக்கொண்டாய். அதில் குறை சொல்ல மாட்டேன், உனக்கு நல்ல கை.

அதன்பிறகு ஆலுவாவிலிருந்தெல்லாம் உன்னைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். இக்கா ஒருநாள் வீட்டுக்கே வந்து, "இந்த இழுப்பு எவிடெயிருந்து படிச்சே மோனே?" என்று கேட்டார். நான் சாயாத் தட்டோடு நின்றிருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். "கம்பி அறுந்துபோச்சு இக்கா, அப்படியே கையில வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, என்னிடம் சர்க்கரை கேட்டாய்.

இக்கா போனபின் அடுக்களையில் வைத்து, ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். "பொம்பளப் புள்ள சொல்லிக்கொடுத்தான்னா நாளைக்கு எவன் கூப்பிடுவான்?" என்றாய். நானும் வந்து வாசிக்கட்டுமா என்றதற்குச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. இருந்தும் ஒவ்வொரு கல்யாணத்துக்கு முன்னாலும் உனக்குக் கம்பி மாட்டிக் கொடுத்தது நான்தான். உனக்காக இல்லை. நான் போக முடியாத இடத்தில் அந்தச் சத்தமாவது சரியாகக் கேட்கட்டும் என்று.

ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது இக்கா தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். இப்போதாவது சொல்வாய் என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெம்பில்லை என்று சொல்லாதே. கஞ்சியில் உப்பில்லை என்று சொல்ல உனக்குத் தெம்பு இருந்தது.

நேற்று அந்த எட்டுக் கம்பியையும் கழற்றிவிட்டு, என் கணக்குப்படி நான்கை மாட்டிக் கொண்டுபோனேன். அண்ணிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ மோளே, புதுசா போட்டதை எதுக்குக் கழட்டினே?" என்றார் இக்கா. உட்கார்ந்து வாசித்தேன். முடித்தபோது இக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவன்தான். அப்படியே அவன்தான்."

"இல்ல இக்கா. அண்ணன்தான் என்னை மாதிரி வாசிச்சுது. இந்த இழுப்பை அதுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

இக்கா என் தலையைத் தடவினார். "சாரமில்ல மோளே, போகட்டும். சங்கடத்துல மனுசன் எந்தெல்லாமோ சொல்லும்" என்றார். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கோபப்பட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன், அண்ணா. அவர்கள் இரக்கப்பட்டார்கள். எனக்காகச் சொல்ல உலகத்தில் இருந்த ஒரே ஆள் நீ. அதைச் செய்யாமலே போய்விட்டாய்.

அடுத்த மாதக் கல்யாணத்துக்கு இக்கா என்னைக் கூப்பிட்டிருக்கிறார். போவேன். இத்தனை வருட ஆசை, விட மாட்டேன். ஆனால் இனி நான் எங்கே எந்தக் கம்பியை இழுத்தாலும், அண்ணனைப் போலவே வாசிக்கிறாள் என்றுதான் சொல்வார்கள்.