சஹனுக்குக் குறைந்த ஆறாவது ஆள்

அன்பு மகன் ஸப்ராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, வெயிலில் வாடாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். என் சுகத்தைக் கேட்டால் இடுப்புக்கு மேலே நல்ல சுகம், கீழே ஒன்றும் சரியில்லை. போனில் கதைத்தால் உன் வாப்பா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் திருத்திச் சொல்லுவார். அதனால்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி எழுதி, வெள்ளிக்கிழமை கட்டாருக்குப் பயணம் வரும் நம் ஊர் முனாஸிடம் கொடுத்துவிடுகிறேன்.

நான் ஆசைப்பட்டுப் பாயில் உட்கார்ந்து காலை உடைத்துக்கொண்டேன் என்று உன் மாமி ஸும்றா உனக்கும் சொல்லியிருப்பாள். பச்சைப் பொய். நுரைச்சோலைக் கலியாண வீட்டில் எல்லோரும் ஆறாறு பேராகப் பாயில் சஹன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட, நான் கதிரையில்தான் இருந்தேன். மூன்று வருசத்துக்கு முன் இடுப்பு மூட்டு மாற்றிய நாளிலிருந்து நான் கீழே இருப்பதில்லை என்று நம் ஊர் குறிஞ்சிப்பிட்டிக்கே தெரியும். அவள்தான் வந்து, "மச்சி, சஹன்ல அஞ்சு பேர்தான் ஈக்கிறாங்க, ஒராள் கொறயுது, உங்களுக்கு மட்டும் தனிப் பீங்கானா?" என்று பத்துப் பேர் கேட்கக் கையைப் பிடித்து இழுத்தாள். வெட்கத்தில் போய் இருந்துவிட்டேன், அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். எழும்பும்போது கைகழுவிய தண்ணீரில் வழுக்கி விழுந்தேன். இப்போது அவளே வார்டுக்கு வந்து, "டொக்டர் போட்ட இரும்பு சரியில்ல" என்கிறாள். இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை மகன். அது இறங்கியிருக்கும் தொடை எலும்புதான் பிளந்துவிட்டது, அதனால் இரும்பு ஆடுகிறது என்று டொக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். பழையதைக் கழற்றி நீளமான ஒன்றை இறக்கி, எலும்பைச் சுற்றிக் கம்பியால் கட்டினால் நடக்கலாமாம். விட்டால் சாகும்வரை படுக்கை.

அதைக் கேட்டுவிட்டு உன் வாப்பா என்ன சொன்னார் தெரியுமா? "வயசு போன ஆள், இனி எங்க நடக்கப் போறா?" எனக்கு அறுபத்து மூன்று. அவர் எழுபதில் கண்புரை வெட்டும்போது, இனி எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று நான் கேட்டேனா? அதைவிட நீ! போன் ஸ்பீக்கரில் இருந்தது, என் காது ஒன்றும் உடையவில்லை. "உம்மா படுத்தே ஈக்கட்டும், பார்க்க ஒராள வைப்போம்" என்றாய். மூன்று வயது வரை நடக்க மாட்டேன் என்று நீ ஏறி இருந்தது இந்த இடுப்பில்தான். அப்போது நான் ஆள் வைக்கவில்லை.

நேற்றுத் தாதி ஒபரேஷன் சம்மதத் தாளை வாப்பாவிடம் நீட்டினாள். நான் கட்டிலில் இருந்தே கையை நீட்டி வாங்கி, நானே கையொப்பம் வைத்தேன். கால் என்னுடையது. பயமில்லை என்று நினைக்காதே. வியாழன் காலையில் ஒபரேஷன். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், என்றாலும் துஆச் செய்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். ஒன்றை மறக்காதே. நம் வீட்டில் அடுத்த கலியாணம் உன்னுடையது. பெண்கள் பக்கத்தில் ஒரு சஹனை மேசையில் வை, சுற்றி ஆறு கதிரை போடு. ஸும்றாவை எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்து. நான் நடந்து வந்துதான் உட்காருவேன்.

உன் உம்மா,
ஆசியா உம்மா