பழைய காருடன் போன பத்திரம்

ஐப்பசி 8, வியாழன்

விடியல் முதல் தூறல். கிணற்றடி வழுக்குகிறது. மனம் குழம்பியிருக்கிறது. ஒழுங்காக எழுதினால் தெளியலாம். ஆகையால்:

1. கார் மாற்றிய காரணம்.
2. காப்புறுதிப் பத்திரம் கைவிட்டுப் போன விதம்.
3. பழைய காரை வாங்கியவர் என் பத்திரத்தை வைத்துக்கொண்டு றோட்டில் ஓடுகிறார்.
4. நன்றி சொல்ல வேண்டியவர்கள். (இதை விடக் கூடாது.)

1. மனைவி செல்லம்மாவின் வலது முழங்கால். காலை நீட்டி இருக்கப் பின் சீற்றுத்தான் சரி. பழைய கார் இரண்டு கதவு. முன் சீற்றை மடித்து, குனிந்து, காலை மடக்கிப் பின்னால் போக வேண்டும். அவளால் முடியாது. மானிப்பாய் ஆஸ்பத்திரியில் திங்களும் வியாழனும் காலுக்குச் சூடு பிடித்து மடக்கப் பழக்குகிறார்கள். இடையில் விட்டால் மூட்டு இறுகிவிடும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வாடகைக் காரில் ஒரு முறை போனோம். பின் சீற்றில் எங்களுடன் இன்னும் மூவர். அன்று அவள் சத்தமில்லாமல் அழுதாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. மானிப்பாயில் ஒரு பென்சன்காரரிடம் நான்கு கதவுக் கார் விலைக்கு வந்தது. இந்தக் காலத்தில் நல்ல கார் கிடைப்பதே அருமை. வாங்கினேன்.

2. நேற்றுக் காலை எட்டு மணிக்குப் பழைய காரைப் பருத்தித்துறை வேலுப்பிள்ளைச் சம்மாட்டியாரிடம் கொடுத்தேன். மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். உரத்த குரல். ஆறு பேருடன் மீன் லொறியில் வந்து, பலகை வைத்துக் காரை லொறியில் தள்ளி ஏற்றினார். பதினொரு வருடம் நான் துடைத்து வைத்த கார், மீன் லொறியில். மனம் நொந்தது.

கொடுக்குமுன் காரிலிருந்து எடுத்தவை: குடை, துடைக்கும் துணி, டோர்ச், மூக்குக்கண்ணாடிக் கூடு, செல்லம்மாவின் விசிறி. ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டேன். பிள்ளையார் படத்தை எடுக்கவில்லை. வண்டியில் இருப்பவரை இறக்கக் கூடாது என்றாள் செல்லம்மா.

10.20 சுபநேரம். தேங்காய் உடைத்து, புதுக் காரை மானிப்பாயிலிருந்து வீடு வரை நானே ஓட்டி வந்தேன். காப்புறுதி இன்னும் ஐந்து மாதம் கிடக்கிறது. என் பெயரில் உள்ளது, என்னோடு வரும் என்று எண்ணம்.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் பத்திரத்தைத் தேடினேன். அலுமாரி, பெட்டி, புத்தகங்களின் நடு. இல்லை. பதினொரு மணிக்கு ஞாபகம் வந்தது. பத்திரம் வந்த கையோடு ஈரம் படாதிருக்க மடித்துப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகியது நானே.

முப்பத்திரண்டு வருடம் காணிப் பதிவுக் கந்தோரில் இருந்து மற்றவர்களிடம் உறுதிப் பத்திரம் எங்கே என்று கேட்டவன்.

பத்திரம் கையில் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கார் எடுக்கவில்லை.

ஐப்பசி 9, வெள்ளி

பஸ்ஸில் யாழ்ப்பாணம். காப்புறுதிக் கந்தோர். கிளாக்கர் இளம் ஆள், நிதானம். தானே கதிரை இழுத்துப் போட்டார். (4இல் சேர்க்க.)

அவர் சொன்னது: பொலிசியில் என் பெயர் இருந்தாலும் அது அந்தக் கார் இலக்கத்துக்குத்தான். கார் கைமாறிய நேரத்தோடு அது முடிந்தது. மிச்ச மாதங்களைப் புதுக் காருக்கு மாற்றித் தரலாம். எஞ்சின் பெரிது, ஆகவே கொஞ்சம் கூட்டிக் கட்ட வேண்டும். ஆனால் பழைய பத்திரம் திரும்பி வரவேண்டும்.

“அது வெளியிலை திரிஞ்சால் உங்களுக்குத்தான் கரைச்சல், ஐயா. காரை வாங்கினவர் ஆரையும் அடிச்சுப்போட்டு உந்தப் பத்திரத்தைக் காட்டினால், முதல்லை உங்கடை வீட்டுக்குத்தான் வருவினம்.”

பிறகு, புதுக் கார் இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்டார். வீட்டில் என்றேன். பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அடுத்த கேள்வி கேட்கவில்லை. அந்தப் பார்வையைப் பற்றி இன்று எழுத விருப்பமில்லை.

பத்திரம் தொலைந்தது என்று சத்தியக் கடதாசி முடித்தாலும் போதுமாம். முடியாது. தொலையவில்லை. இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.

ஐப்பசி 10, சனி

சம்மாட்டியாருக்குக் கடிதம். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நாலாவதில், ‘தங்களுக்குச் சிரமமில்லாத பட்சத்தில், படத்தின் பின்புறம் தவறுதலாகத் தங்கியிருக்கக்கூடிய பத்திரமொன்றை’ என்று ஒரு பக்கம். செல்லம்மா வாங்கி வாசித்தாள்.

“இஞ்சருங்கோ, உந்தக் கடிதத்தைப் பாத்தால் அந்த மனிசன் நீங்கள் சுகம் விசாரிச்சு எழுதினதெண்டு நினைக்கும். மனிசிக்குக் கால் மடங்கேல்லை, கடதாசி வேணும் எண்டு எழுதுங்கோவன்.”

வெட்கம். என்றாலும் அடியில் அவள் சொன்னபடியே ஒரு வரி சேர்த்தேன். தபாற்கந்தோர் பூட்ட ஐந்து நிமிடம் இருக்கும்போது போட்டேன்.

நேரில் போயிருக்கலாம். இரண்டு பஸ்தான். அவர் குரலுக்குப் பயம். வேறு காரணம் எழுதினால் பொய்.

ஐப்பசி 12, திங்கள்

மழை. இரண்டாம் முறையும் ஆஸ்பத்திரி இல்லை. தவிடு வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். பழைய பாகைமானியை எடுத்துக் கால் மடங்கும் அளவு பார்த்தேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் அளந்தபோது 70. இன்று 60. அவளிடம் 68 என்றேன். “அந்த எட்டை ஆர் தந்தது?” என்று கேட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுன்னாகம் சந்தையில் எனக்கு முன்னால் இருவர்.

“நெல்லியடியிலை கார் ஒண்டு சைக்கிள்காரனைத் தட்டிப்போட்டுதாம்.”

“ஆற்றை கார்?”

“ஆர் கண்டது. சின்னக் காராம்.”

நெல்லியடி பருத்தித்துறை போகும் வழி. என்ன நிறம் என்று கேட்கவில்லை. கத்தரிக்காய் வாங்காமல் வந்துவிட்டேன். பின்னேரம் முழுக்க வாசல் படலையைப் பார்த்தபடி இருந்தேன். பொலிஸ் வரவில்லை.

ஐப்பசி 14, புதன்

வெயில். பத்து மணிக்குப் படலையில் அந்தக் குரல். சம்மாட்டியார். நடந்து வந்தார், கையில் குடையும் ஒரு பை தட்டை வடையும். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்திக்கில் சுற்றிய பத்திரத்தை எடுத்து நீட்டினார். மடிப்புக்கூடக் குலையவில்லை.

“முதல் பக்கம் எனக்கு விளங்கேல்லை, ஐயா. கடைசி வரி விளங்கினது. விடிய முதல் பஸ்ஸிலை வெளிக்கிட்டன். அக்காவுக்குக் கால் எப்பிடி?”

செல்லம்மா பதில் சொன்னாள். ஏன் காரில் வரவில்லை என்று நான் கேட்டேன்.

“கொட்டிலுக்கை நிக்குது. வீட்டுக்காரியின்ரை கோழி பின் சீற்றிலை ரெண்டு முட்டை இட்டிருக்கு.” பெரிதாகச் சிரித்தார். “வெள்ளி நல்ல நாள், அண்டைக்குத்தான் என்ரை பேரிலை இன்சூரன்ஸ் எடுக்க நினைச்சிருந்தனான். அது இல்லாமல் றோட்டிலை எப்பிடி ஐயா ஓடுறது? அதுதானே அண்டைக்கும் லொறியிலை ஏத்தினனான்.”

தேத்தண்ணீர் குடித்து, இருவரும் ஒரே பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனோம். பத்திரத்தைக் கொடுத்தேன். கிளாக்கர் அப்போதே தற்காலிகப் பத்திரம் எழுதித் தந்தார். பஸ் நிலையத்தில் சம்மாட்டியாருக்கு நன்றி சொன்னேன். எதற்கு என்று முழுவதும் சொல்லவில்லை.

ஐப்பசி 15, வியாழன்

மானிப்பாய். செல்லம்மா பின் சீற்றில், கால் நீட்டி, தலையணை வைத்து. வழி முழுக்க வேலிகளைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே வந்தாள். சிகிச்சைக்குப் பிறகு 65. இம்முறை கூட்டிச் சொல்லவில்லை.

4. நன்றி: சம்மாட்டியார். கதிரை போட்ட கிளாக்கர், கேட்காமல் விட்ட கேள்விக்கும் சேர்த்து. கடைசி வரிக்குச் செல்லம்மா. பத்திரத்தை ஈரம் படாமல் வைத்திருந்த பிள்ளையார்.

3 பிழை. அவர் ஓடவில்லை. இந்த எட்டு நாளில் காப்புறுதி இல்லாமல் றோட்டில் போன கார் ஒன்றே ஒன்று: மானிப்பாயிலிருந்து இங்கே வரை, 10.20 சுபநேரத்தில். ஓட்டியது நான்.