வெள்ளைச் சுடிதாரும் மூன்றாம் அத்தியாயமும்

ஏப்ரல் 22, செவ்வாய்

வெயில். காற்று மில் பக்கமிருந்து. இந்த டைரியை யாரும் நம்பப்போவதில்லை, எழுதுகிற நானே நம்பமாட்டேன். ஆனாலும் கம்பெனி பஸ் ஓட்டும் இந்தக் கையால், ஸ்டியரிங் சாட்சியாக, உள்ளதை உள்ளபடி எழுதுவேன். சத்தியம்.

தங்கை மகள் தேன்மொழி (இனி தே.) தத்துவத்தில் எம்.ஏ. கும்மிடிப்பூண்டியில் ரயிலேறிச் சென்னையில் படிப்பு. சுற்றுச்சூழல் தத்துவமாம். மரத்துக்கு உரிமை உண்டா, ஏரிக்கு யார் வக்கீல், இப்படிக் கேள்விகள். வெள்ளியன்று ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வைவா. பேராசிரியர்கள் சுற்றி உட்கார்ந்து குடைவார்கள்.

அதற்கென்று வெள்ளைச் சுடிதார் வாங்கியிருக்கிறாள். வெள்ளை! எங்கள் தெருவில்! இங்கே மில் புகையில் கொக்கு இறங்கினால் காக்கையாகத்தான் ஏறும். போன மாதம் ஒரு கொக்கு தன் கூட்டத்திடமே ஆதார் அட்டை காட்ட வேண்டியதாயிற்று.

வாங்க வேண்டியவை: பஸ்ஸுக்கு வைப்பர், தே.வுக்குப் பேனா, எனக்கு மிக்சர்.

சாயங்காலம் தங்கை வீட்டில் வெடித்தது. மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கை புருஷனுக்கு, இரும்பு ரோலிங் மில்லில் உலை வேலை. மூன்றாம் அத்தியாயம் அந்த மில் புகை பற்றியது என்று இன்றுதான் தெரிந்தது.

"நம்ம மில்லப் பத்தியா எழுதிக்கிற?"

"பேரு போடலப்பா. புகையால பொழைக்கறவங்க புகையக் கேள்வி கேக்கலாமான்னுதான்."

"அது நின்னா நம்ம ஊட்ல அடுப்பு எரியுமா? சூப்பர்வைசர் காதுக்குப் போனா என் கதி இன்னா? அந்த மூணாவதத் தூக்கிடு."

"அதத் தூக்கினா வெறும் அட்டதான்பா மிச்சம்."

மாப்பிள்ளை சாப்பிடாமல் எழுந்து போனார்.

ஏப்ரல் 23, புதன்

மேகம். தங்கை வீட்டில் மௌனம். உப்புமா தொண்டையில் இறங்குகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது.

தே.: "அப்பா மனசார சொல்லாம நான் போவ மாட்டேன் மாமா. அவுரு சம்பாரிச்சதுல படிச்சிக்கினு, அவுர மீறி இன்னா வைவா?"

"ரயில்ல தொங்கிக்கினு படிச்சதெல்லாம்?"

"போவட்டும்."

போவட்டுமாம்! நின்றுகொண்டே படித்ததில் அவளுக்கு ஒரு கால் நீண்டுவிட்டது. அளந்தே பார்த்தேன்.

பஸ்ஸில் தூது போனேன். மாப்பிள்ளை மில்லுக்குப் போவது என் பஸ்ஸில்தான், எப்போதும் என் சீட்டுக்குப் பின்னால்.

"மாப்ள, உன் பொண்ணு எழுதனதக் கேட்டு ஒரு வேப்பமரம் தேம்பித் தேம்பி அழுதுச்சி."

"ரோட்டப் பாத்து ஓட்டு மச்சான். பேஜாரு பண்ணாத."

தூது தோல்வி. வைப்பரும் வாங்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

புழுக்கம். பஸ்ஸை விட்டதும் நேரே தங்கை வீடு. மாப்பிள்ளை டீக்கடையில் நின்றுவிட்டார். ஒத்திகை வைவா நடத்துவதென்று முடிவு. தே.வுக்கு மனசில்லை, நான் விடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் மகா பேராசிரியராக நான், தோளில் துண்டு. வாசலுக்கு முதுகு காட்டி தே.

அவள் முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை வந்து ஷூ கழற்றுவதைப் பார்த்தேன். கேள்வியை அப்போதுதான் எடுத்தேன்.

"மாணவியே! மில் சோற்றைத் தின்றுவிட்டு மில்லைக் குறை சொல்ல உனக்கு என்ன அருகதை?"

தே. ஏட்டை மூடிவைத்தாள். பிறகு:

"மரத்துக்கு, கொளத்துக்கு வர்றதுக்கு முன்னாடி அந்தப் புகை எங்கப்பா நெஞ்சுக்குள்ள போவுது சார். அவுரு இருமறதக் கேட்டுக்கினே, ஊட்டுக்குச் சம்பளம் மட்டுந்தான் வந்துச்சின்னு எப்டி எழுதறது? மில்ல மூடச் சொல்லல. மில்லும் ஓடணும், அவுரும் நல்லா மூச்சு வுடணும். அது ஏன் முடியாதுன்னுதான் கேக்கறேன்."

பேராசிரியர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டார். புழுக்கம்தான்.

நிமிர்ந்தால் வாசலில் ஒற்றை ஷூ. மற்றதைக் கழற்றாமலே மாப்பிள்ளை கொல்லைப்பக்கம் போய்விட்டார். அங்கிருந்து இருமல்.

ஏப்ரல் 25, வெள்ளி

விடிகாலை. காற்று மில் பக்கமிருந்து, பலமாக.

எங்கள் தெரு வழக்கம்: துணி போடுமுன் கொடிக்கயிற்றில் விரலை ஓட்டிப் பார்ப்பார்கள். விரல் கறுத்தால் முதலில் கயிற்றைத் துடைக்க வேண்டும். பெண்கள் வேலை. எந்த ஆண்பிள்ளையும் செய்து பார்த்ததில்லை, நான் உட்பட.

இன்று கயிற்றைத் துடைத்தவர் மாப்பிள்ளை. துடைத்து, அலசி வைத்திருந்த சுடிதாரை மாட்டி, கீழே காவல் நின்றார். துண்டை ஒரு வீசு வீசினார், காற்று ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவில் போய் விழுந்தது. சிம்னியை ஒரு முறை முறைத்தார், அது மூச்சை அடக்கிக்கொண்டது. ஏரிக் கொக்குகள் கொடியில் வரிசையாக அமர்ந்து, வெள்ளையாகவே எழுந்து பறந்தன.

தே. வந்து நின்றாள். "இன்னாப்பா பண்ற?"

"மூணாவதயும் சேத்து எடுத்துக்கோ. நேத்து உன் மாமன்கிட்ட சொன்னியே, அதயே அங்கயும் சொல்லு."

"சூப்பர்வைசரு?"

"நான் பேசிக்கறேன். நாஷ்டா துன்னுட்டுக் கெளம்பு, ரயிலு போயிடும்."

காய்ந்ததும் சுடிதாரை எடுத்தாள். விளிம்பில் கரியாக ஒரு கட்டைவிரல் ரேகை. மனுஷன் கயிற்றை அவ்வளவு துடைத்தாரே, கையைத் துடைக்கவில்லை. "ஐயோ, குடு, கசக்கித் தரேன்" என்று பதறினார்.

"இருக்கட்டும்பா" என்று அப்படியே உடுத்திப் போனாள்.

கொக்கு, சிம்னி, ஆந்திரா, எல்லாம் என் கைச்சரக்கு. அந்த ரேகை மட்டும் நிஜம்.