நான்காவது முள்

2 மார்ச் 2025, ஞாயிறு

இன்று பிரேசர் டவுன் பேக்கரியில் கூடினோம். வழக்கமான நாலு பேர்தான்: நான், வெங்கி, சிந்தியா, நாகேஷ். ஏப்ரல் முதல் தேதி ஜெனீவாவில் வெர்லோன் கம்பெனி இந்த வருஷத்துக் கடிகாரங்களை அறிவிக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே ஆளுக்கொரு ஆசையைச் சொல்லிச் சண்டை போடுவோம். எட்டு வருஷமாக இதுதான் எங்கள் பண்டிகை. எங்களில் மூன்று பேரிடம் வெர்லோன் கிடையாது என்பதை மட்டும் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

வைத்திருக்கும் ஒரே ஆள் நாகேஷ். ஆஸ்டின் டவுன்காரன், எங்கள் கம்பெனிக்கு மூன்று கேப் கார் விட்டிருக்கிறான், ஒன்றை அவனே ஓட்டுகிறான். அவன் கையில் இருக்கும் நீல முகப்புக் கடிகாரம் அவன் மனைவி ஷோபா தேர்ந்தெடுத்தது. அவள் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

சிந்தியாவுக்குப் பச்சை முகப்பு வேண்டும். வெங்கிக்குத் தடிமன் குறைய வேண்டும். நாகேஷ் கேட்பது சின்ன அளவு, அதில் நான்காவதாக ஒரு முள். வேறொரு ஊரின் நேரத்தைக் காட்டும் முள். மகள் சஹானா செப்டம்பரில் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறாள். “அவளுக்கு இப்போ இன்னா டைம்னு போன எடுத்துப் பாக்கறது வேற மச்சா. கையிலயே இருந்தா வேற,” என்றான். யாரும் கிண்டல் செய்யவில்லை.

5 மார்ச்

கண் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாவது மெசேஜ். சர்க்கரைக்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்ட வேண்டுமாம். ஆபீசில் தலைக்கு மேல் வேலை. ஏப்ரலில் போகலாம்.

14 மார்ச், வெள்ளி

வெர்லோன் முன்னோட்டப் படம் விட்டுவிட்டது. எப்போதும் போல இருட்டில் எடுத்த படம். முகப்பின் ஒரு ஓரத்தில் மட்டும் வெளிச்சம். மீதியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வாட்ஸப் குரூப்பில் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன முறை ஒரு நிழலை வைத்தே சாவி கொடுக்கும் திருகாணியின் வடிவத்தைச் சொன்னவன் ஆயிற்றே. ஆபீசிலும் டிசைன் சரிபார்ப்பதுதான் என் வேலை; திரையில் ஒரு புள்ளி நகர்ந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கேன்டீனில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. சட்டையால் திரையைத் துடைத்தேன். கோடு அங்கேயே இருந்தது. “நாலாவது முள் இருக்கு. சந்தேகமே வேணாம்” என்று போட்டேன்.

வெங்கி, “எனக்கு ஒண்ணும் தெரியலயே” என்றான். “உனக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு” என்றேன். சிரிப்புப் பொம்மைகளாகக் கொட்டின.

உடனே நாகேஷ் போன் செய்தான். “நெஜமா பாத்தியா?”

“பாத்தேன்.”

16 மார்ச், ஞாயிறு

குளியலறையின் வெள்ளை டைல்ஸில் அதே கோடு.

கண்ணை இடப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் வருகிறது. மேலே பார்த்தால் மேலே. வலது கண்ணை மூடினேன், கோடு இல்லை. திறந்தேன், இருக்கிறது. படத்தைத் திரும்ப எடுத்து இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். மூன்று முள்.

நாகேஷுக்கு இப்போதே சொல்ல வேண்டும். சொன்னால் எப்படித் தெரிந்தது என்று கேட்பான். கண் என்பேன். நாளைக்கு அது ஆபீசுக்குத் தெரியும், என் மனைவி சௌம்யாவுக்குத் தெரியும். கண்ணை வைத்துப் பிழைக்கிறவன் நான். அது இல்லாத ரகுவுக்குப் பேக்கரியில்கூட என்ன வேலை?

நாளைக்குச் சொல்கிறேன்.

17 மார்ச்

சொல்லவில்லை.

18 மார்ச்

காலை டிரிப்புக்கு நாகேஷே வந்தான். ஷோரூமில் விசாரித்துவிட்டானாம். அறிவிப்புக்கு முன்பே பழைய கடிகாரத்தை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டால் புது மாடலுக்கு அவன் பெயர்தான் முதலில். அறிவிப்பு வந்த பிறகு போனால் இரண்டு வருஷம் வரிசையில் நிற்க வேண்டும்.

“நாளான்னைக்குக் குடுத்துடறேன். நீ சொன்னியே, அது போதும் எனக்கு.”

மேம்பாலத்தில் போய்க்கொண்டிருந்தோம். ஜன்னல் பக்கம் திரும்பினேன். எலெக்ட்ரானிக் சிட்டிக் கட்டிடங்கள் எல்லாவற்றின் மேலும் அந்தக் கோடு கூடவே வந்தது. “யோசிச்சுப் பண்ணு” என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அதை எச்சரிக்கை என்று நானே என்னிடம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

20 மார்ச்

கொடுத்துவிட்டான். வெறும் மணிக்கட்டைப் படமெடுத்துக் குரூப்பில் போட்டிருக்கிறான். கடிகாரம் இருந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. கீழே எழுதியிருந்தான்: “ஆய்த்து. ஷோபா இருந்தாலும் குடுன்னுதான் சொல்லியிருப்பா.”

நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டேன். என்ன மனுஷன் நான்?

1 ஏப்ரல், செவ்வாய்

மதியம் அறிவித்துவிட்டார்கள். சிந்தியாவுக்குப் பச்சை கிடைத்தது. வெங்கிக்கு அரை மில்லிமீட்டர் குறைந்தது. சின்ன அளவில் மூன்று முள்தான்.

ஏப்ரல் ஒன்று என்பதால் யாரோ விளையாடுகிறார்கள் என்று முதலில் நாகேஷ் நினைத்திருக்கிறான். பிறகு “ஓகே” என்று மட்டும் போட்டான். சாயங்காலம் ஷோரூமுக்குப் போய்ப் பழையதைத் திருப்பிக் கேட்டானாம். அது போன வாரமே மும்பைக்கு விற்றுப் போய்விட்டது. யாரிடம் என்று சொல்லமாட்டார்களாம்.

வெங்கி சொன்னான்: “எல்லாருக்கும் ஒரு தடவ தப்பாகும் ரகு. ஃபீல் பண்ணாத.”

6 ஏப்ரல், ஞாயிறு

ஆஸ்டின் டவுனுக்குப் போனேன். நாகேஷ் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சஹானாவிடம் டீ போடச் சொன்னான். டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கோடு படத்தில் இல்லை, என் கண்ணில் இருக்கிறது என்று.

குழாயை மூடினான். “டாக்டராண்ட போனியா?” அதைத்தான் முதலில் கேட்டான். இல்லை என்றேன். திட்டினான். அப்படியே நான் எழுந்து வந்திருக்கலாம். அவன் என்னைத் தப்பிக்க விட்டிருப்பான்.

ஆனால் பிறகு அவனே கேட்டான். “உனக்கு எப்போ தெரிஞ்சுது?”

“பதினாறாந்தேதி.”

“நான் குடுத்தது இருபது.”

“ஆமா.”

“நடுவுல வண்டியில வேற வந்த.”

“ஆமா நாகேஷ்.”

ஈரத்துணியைப் பிழிந்தான். பிழிய ஒன்றுமில்லாத பிறகும் பிழிந்துகொண்டே இருந்தான். “கண்ணு போச்சுன்னு சொல்லியிருந்தா நான் உன்ன இன்னா பண்ணியிருப்பேன்?” என்றான். சஹானா இரண்டு டம்ளரோடு வந்து நின்றாள். அவன் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். தனியாக உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன்.

7 ஏப்ரல்

கேப்புக்கு வேறு டிரைவர்.

11 ஏப்ரல்

விழித்திரையில் ரத்தக் கசிவு. டாக்டர் படத்தைக் காட்டினார். இடது கண்ணால் பார்த்தேன். கோடு தொடங்கியபோதே வந்திருந்தால் வலது கண்ணை ஓரளவு காப்பாற்றியிருக்கலாம் என்றார். இனி இடது கண்ணுக்குத்தான் பாடு பட வேண்டும். சௌம்யா கூட வந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, “என்கிட்ட சொல்றதுக்கு இன்னா ரகு?” என்று கேட்டு அழுதாள். இருவர் இதையே கேட்டுவிட்டார்கள்.

22 ஜூன், ஞாயிறு

பேக்கரிக்கு நான் போகவில்லை. நாகேஷும் ஏப்ரலிலிருந்து வருவதில்லையாம். நான் வருவேன் என்று அவனும், அவன் வருவான் என்று நானும்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

இது சௌம்யாவின் கையெழுத்து. இடது கண்ணில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். கட்டுப் பிரித்தும் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. போகப் போகத் தெரியும் என்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

செப்டம்பரில் வெர்லோன் இன்னொரு மாடல் விடுகிறதாம். காலையில் இருட்டுப் படம் வந்துவிட்டது. குரூப்பில் வெங்கி கேட்டிருந்தான்: “ரகு, பாத்துச் சொல்லு.” சௌம்யா படித்துக் காட்டினாள். அவளையே பதில் போடச் சொன்னேன்: “எனக்குக் கண் தெரியல. மார்ச்லயே சரியில்ல. நாலாவது முள்ளுன்னு சொன்னது தப்புன்னு நாகேஷ் வாட்ச் குடுக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். பயந்து மறச்சிட்டேன்.”

சௌம்யா அனுப்புவதற்கு முன் ஒரு முறை நிதானித்தாள். அனுப்பு என்றேன்.

பிறகு போன் அடித்தது. நாகேஷ் என்று சொல்லி என் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. ஓரமாக நிறுத்தினான் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது.

“கறுப்பு பேக்ரவுண்டு,” என்றான். “கீழ லெஃப்ட்ல கொஞ்சம் வெளிச்சம். முகப்பு சாம்பல் கலர் மாதிரி இருக்கு, சரியா தெரில. முள்ளு மூணு. ரெண்டு தடவ எண்ணிட்டேன், மூணுதான்.”

சரி என்றேன். அவன் வைத்துவிட்டான்.