சுருண்ட இலைக்கு ஊற்றிய தண்ணீர்

நாரந்தனை,
மாசி 9

அன்பு மகள் கம்சிகாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். ஜப்பான் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு திரிகிறாய் என்று நம்புகிறேன். எங்கள் மாடு சிவப்பி நாகு கன்று போட்டிருக்கிறது.

போனில் மூன்று தரம் ஒரு விஷயம் சொல்ல வெளிக்கிட்டேன். மூன்று தரமும் மாட்டைப் பற்றியே கதைத்துவிட்டு வைத்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கார்த்திகைக்குப் பிறகு மழை இல்லை. நெல் பூக்கிற நேரம் பார்த்து வானம் கைவிட்டது. நீ சொன்னதை நம்பிப் புது இனம் விதைத்த பக்கத்து வளவுச் செபஸ்தியம்மாவின் ஆறு பரப்பு வயலும் சப்பி. கதிரைக் கசக்கினால் உமிதான் வருகிறது. வரம்புக்கு அங்கால் பழைய மொட்டைக்கறுப்பன் நெல் விதைத்தவர்களுக்கு அரைவாசியாவது தேறியது. அவள் உன்னைக் குறை சொல்லவில்லை. "பிள்ளை படிச்சுச் சொன்னது பிழைக்காது அக்கா, நான்தான் பிந்தி விதைச்சுப்போட்டன்" என்றாள்.

பிழை அவளிலும் இல்லை, உன்னிலும் இல்லை. என்னில்தான் மகள்.

இரண்டு வருடத்துக்கு முந்தின சித்திரையில் எங்கள் கிணற்றடியில் மூன்று இன நெல்லைப் பன்னிரண்டு பாத்தியில் மாற்றி மாற்றி விதைத்தாய். பூக்கிற நேரம் இருபது நாளைக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக்கூடாது, எது தாங்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுக் கிளிநொச்சிக் கம்பசுக்குப் போனாய். தண்ணீர் விடாத பத்தாம் நாள் நாலு பாத்தியில் இலை ஈர்க்கு மாதிரிச் சுருண்டது. மற்றவை வாடினாலும் நிமிர்ந்து நின்றன. கண்ணுக்கு முன்னால் பயிர் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது. காலையும் பின்னேரமும் வாளியால் அள்ளி அந்த நாலுக்கும் மட்டும் ஊற்றினேன். அந்த நாலும் ஒரே இனம் என்றுகூட அப்போது தெரியாது.

நீ வந்து நெல்லைத் தராசில் நிறுத்து, புது இனம்தான் தாங்கியது என்று துள்ளியபோதுதான் நான் தண்ணீர் ஊற்றியது அதற்கு என்று தெரிந்தது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்தேன், ஏலாமல் போய்விட்டது. தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். அந்த ஆய்வால்தான் உனக்கு ஜப்பான் படிப்பும் கிடைத்தது.

வருகிற மாரிக்கு அந்த விதையைப் புங்குடுதீவுக் கமக்காரருக்கும் கொடுக்கப் போகிறார்களாம். அதற்கு முன் நீ கம்பசுக்கு உண்மையை எழுத வேண்டும். உனக்கு என்ன வருமோ என்று நெஞ்சு பதறுகிறது. இருந்தாலும் எழுது. செபஸ்தியம்மாவிடம் நாளைக்கு நானே போய்ச் சொல்கிறேன்.

உன் ஆய்வுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நன்றி சொல்லி என் பெயரைப் போட்டிருக்கிறாய். அதை வெட்டிவிடு. பிழை எப்படி நடந்தது என்று எழுதும் இடத்தில் தம்பிராசா கமலாதேவி என்று முழுப்பெயரும் போடு.

பிள்ளையார் உனக்குத் துணை நிற்பார். கோபம் ஆறும் வரைக்கும் போன் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. சாப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
அம்மா