எண்ணெயில் நிற்காத திருநீறு

அன்புள்ள அண்ணா,

நீ போய் இன்றோடு நாற்பது நாள். லேத் ஓடுகிறது. அதைத்தான் நீ முதலில் கேட்பாய்; நான் எப்படி இருக்கிறேன் என்பதை அதற்கப்புறம், அதுவும் ஞாபகம் வந்தால் கேட்பாய். நேற்று ஒரு டிரெய்லருக்கு ஆக்ஸில் கடைந்து கொடுத்தேன். அண்ணி நன்றாகச் சாப்பிடுகிறார். ஆனால் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

வேங்கிக்கால் வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையில் நாம் லேத் போட்டிருந்தோமே, அந்தக் காலத்துச் சமாச்சாரம் இது. பழைய ஜீப்புகளுக்குப் பின் ஆக்ஸில் ஷாஃப்ட் போய்விட்டால் மெட்ராசில் தேடினாலும் கிடைக்காது. காயலான் கடையிலிருந்து லாரி ஷாஃப்ட் வாங்கி வந்து அளவுக்குக் கடைந்து கொடுப்போம். பேரிங் உட்காருகிற இடத்தை முடி அளவுக்குச் சரிபார்க்கிற நீ, வேட்டியை ஒரு நாளும் நேராகக் கட்டியதில்லை. அதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு இப்போது ஆள் இல்லை.

அடி அண்ணாமலை கிராமத்துக் கோவிந்தசாமியின் ஜீப்புக்கு ஷாஃப்ட் செய்த நாள் உனக்கு மறந்திருக்காது. கடைசல் முடிந்து, பேரிங் வாங்க நீ டவுனுக்குப் போயிருந்தாய். எந்த வேலை முடிந்தாலும் திருநீறு வைத்துத்தானே வெளியே அனுப்புவோம்? எண்ணெய்ப் பிசுக்கில் அது நிற்கவே இல்லை. மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் வழிந்துவிட்டது. அந்த ஜீப் ஜனங்களை ஏற்றிக்கொண்டு செங்கம் ரோட்டில் போகிற வண்டி, சாமி துணை இல்லாமல் எப்படி அனுப்புவது என்று தோன்றியது. கூர் டூலை மாட்டி, சக்கரம் உட்காருகிற முனைக்குப் பக்கத்தில், சுற்றிலும் மூன்று பட்டைக் கோடு வெட்டினேன். நகக்கீறல் ஆழம்கூட இருக்காது. அழகாகத்தான் இருந்தது. கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி வைத்துவிட்டேன். நீ வந்து, அவசரத்தில் அப்படியே தூக்கிக் கொடுத்தாய்.

அந்த ஜீப்பில் சக்கரமே ஷாஃப்டின் முனையில்தான் நிற்கும். பாரமும் முறுக்கும் ஒன்றாக வந்து விழுகிற இடம் அது. அங்கே ஒரு கீறல் இருந்தால் போதும், ஓட ஓட விரிசல் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். இது எனக்குத் தெரியாதா? தெரியும், அண்ணா. சாமி கோடு விரிசல் விடும் என்று மட்டும் தோன்றவில்லை.

நாலு மாதத்தில் ஷாஃப்ட் முறிந்து சக்கரம் கழன்றது. நல்ல வேளை, வண்டியில் கோவிந்தசாமி மட்டும்தான் இருந்தார். ஆனால் அவருடைய வலது கால் ஊனமாகிவிட்டது, இன்றைக்கும் சாய்ந்துதான் நடக்கிறார்.

அவருடைய தம்பி முறிந்த துண்டைக் கொண்டுவந்து நம் வாசலில் போட்டார். நீ எடுத்துப் பார்த்தாய். நடுக்கோட்டில் வெட்டின மாதிரி முறிந்திருந்தது. உன் கட்டை விரல் அதன்மேல் போய் நின்றது. பிறகு நீ என்னைப் பார்க்கவே இல்லை.

"இரும்பு பாத்து எடுக்கல. தப்பு என்னுதுதாங்க" என்றாய்.

"பொம்பளய மெஷினாண்ட வுட்டா இப்பிடித்தான் ஆவும்" என்றார் அவர்.

"அவ இதத் தொடவே இல்லிங்க."

நான் அங்கேதான் நின்றேன். கையில் அரம் இருந்தது. உண்மையைச் சொன்னால் அப்பா அன்றைக்கே என்னை லேத்திலிருந்து இறக்கிவிடுவார் என்று தெரியும். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ஷாஃப்ட் முடிந்தபோது, நீயே வெள்ளைப் பெயின்ட் டப்பாவை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தாய். "இனிமே இதுல போடு. நல்லா தெரியும்" என்றாய். அவ்வளவுதான் நீ என்னிடம் கேட்ட கணக்கு. இரண்டு வருஷம் ஜீப்காரர்கள் யாரும் நம் பக்கம் வரவில்லை. பம்புசெட் வேலையில் காலம் ஓட்டினோம். ஒரு நாளாவது கோபத்தில் சொல்லிக்காட்டியிருக்கக் கூடாதா?

உன் காரியத்துக்குக் கோவிந்தசாமி வந்திருந்தார். "நல்ல மனுசன். கைதான் ஒரு தபா தப்பு பண்ணிச்சி" என்று என்னிடம் சொன்னார். அப்போதும் தலையாட்டினேன். அன்றிலிருந்து தூக்கம் போனது. மூன்று நாளைக்கு முன் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனவர்தான். அவர் கோபம் நியாயம்.

நேற்று வேலை முடிந்து அடி அண்ணாமலைக்குப் போனேன். கோவிந்தசாமி களத்தில் மல்லாட்டைக் கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். காய்ந்ததைக் கையால் புரட்டிவிட்டார். பிறகு சொன்னார்:

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்த வருவான்மா உங்க அண்ணன். என் வூட்டாண்ட வந்தா தலைய குனிஞ்சிக்குவான், தாண்டுற வரைக்கும் நிமிர மாட்டான். அதப் பாத்துப் பாத்துத்தான் என் கோவமே கம்மி ஆச்சி. தப்பே பண்ணாதவன் எதுக்கும்மா குனிஞ்சான்?"

எனக்காக, அண்ணா. நான் பெண்களோடு பின்னால் வருவேன், நீ எப்படி நடந்தாய் என்று பார்த்ததே இல்லை. அவர் உள்ளே போய்விட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செங்கம் ரோட்டில் எத்தனை மெக்கானிக் கடை இருக்கிறதோ, அத்தனையிலும் ஏறி, முறிந்தது என் கை வேலை என்று சொல்வேன். அதற்கப்புறம் எனக்கு வேலை கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம். வருகிற பௌர்ணமியிலிருந்து கோவிந்தசாமி வீட்டைத் தாண்டும்போது நான் குனிந்து நடப்பேன். நீ நிமிர்ந்து போ, அண்ணா.

நீ காட்டிக்கொடுக்காத தங்கை,
தனம்